பேசக்கூடாத ராஜா

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகள் கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டாம் பாடவேளை முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது என்று பிறகு அவளே சொன்னாள். அந்த நேரத்தில் நான் கள்ளக்குறிச்சியில் என் அலுவலக மேசையில் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. சமூக அறிவியல் எடுக்கிறாள். மதியம் பன்னிரண்டரைக்கு அவளிடமிருந்து போன் வந்தது. "அம்மா, நீ உடனே கெளம்பி வா. ரூமுக்குள்ள வெச்சிப் பூட்டியிருக்காங்க. வெளிய ஆளுங்க நிக்கறாங்க."

பஸ் மலை ஏறும்வரை சிக்னல் இருந்தது. விட்டு விட்டு அவள் சொன்னதை நான் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு இடைக்கால ஐரோப்பா பாடம். புத்தகத்தில் இருப்பது இவளுக்குப் போதாது. ரோமாபுரி விழுந்தபின் பிராங்குகள் என்ற கூட்டம் எப்படி ராஜ்யம் அமைத்தது என்று நடித்துக் காட்ட வைத்திருக்கிறாள். பிராங்குகளின் முதல் அரச குலத்தார் தலைமுடியை வெட்டவே மாட்டார்களாம். நீண்ட கூந்தல்தான் அவர்களுடைய அரச அடையாளம். காலப்போக்கில் அந்த ராஜாக்கள் சும்மா உட்கார்ந்திருக்க, அதிகாரமெல்லாம் அரண்மனை மேலாளர் கைக்குப் போய்விட்டது. கடைசியில் அந்த மேலாளர் குடும்பம் ராஜாவின் கூந்தலை வெட்டி, அவரை மடத்தில் அடைத்துவிட்டுத் தானே அரியணை ஏறியது.

வகுப்பில் நீளமான சடை உள்ள பெண்ணை ராஜாவாக உட்காரவைத்தாள். முட்டிவரை தொங்கும் சடை. மேலாளராக நடித்தது என் மகள். சார்ட் அட்டை வெட்டும் கத்தரிக்கோலால் சடையின் நுனியில் மூன்று விரற்கடை வெட்டினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். வெட்டியதைக் குப்பைக்கூடையில் போட்டாள். மணி அடித்தது.

ஆறு வயதில் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்து பிழைக்க மாட்டாள் என்று கைவிட்ட நேரத்தில், முடியில் கத்தி படாமல் வளர்த்துக் குலசாமிக்கு இறக்குவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். வருகிற ஆடியில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து இறக்க வேண்டிய முடி. என் மகளுக்கு அது தெரியாது. பையன் முடி வளர்த்தால் வேண்டுதல் என்று யாருக்கும் தெரியும். பெண் பிள்ளையிடம் யார் கேட்பார்கள்? கேட்டிருக்க வேண்டும். மலைக்கு வேலைக்குப் போகிறவள் கேட்டிருக்க வேண்டும். அவள்மேல் எனக்கு வந்த கோபத்தில் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை வலித்தது.

வெள்ளிமலையில் இறங்கி ஜீப் பிடித்தேன். நான் போனபோது மூன்றரை. பள்ளி வாசலில் முப்பது பேர் இருப்பார்கள். எனக்கு யாரும் வழி விடவில்லை. நடுவில் நின்றவர்தான் அந்தத் தாய்மாமன். கையில் வெள்ளைத் துணி முடிச்சு. குப்பைக்கூடையைக் கவிழ்த்து, பென்சில் சீவலுக்கும் மிட்டாய்க் காகிதத்துக்கும் நடுவிலிருந்து அந்த முடியைப் பொறுக்கி எடுத்துக் கட்டியிருந்தார்.

"நீதான் அவளப் பெத்தவளா?" என்றார்.

"ஆமாங்க. தெரியாம செஞ்சிட்டா. மூணு விரக்கடை முடிக்கா இவ்ளோ பேரு?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பயத்தில் வாய்க்கு வந்தது. கூட்டம் என்னை நோக்கி நெருங்கியது.

"மூணு விரக்கடையா? கேட்டுக்குங்கடா, அளந்து பாத்துக்கினு வந்திருக்குது அம்மா!"

"இவங்க மாதா கோயில் ஆளுங்க. எங்க சாமி முடின்னா எளக்காரமா?" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"எம் பொண்ணுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப நானும் மாதாவுக்கு வேண்டிக்கினு மொட்டை போட்டவதாங்க" என்றேன்.

"அப்ப தெரிஞ்சேதான் மூணு விரக்கடைன்னு சொல்றியா?" என்றாள் அவள்.

தலைமையாசிரியர் கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டார். வியர்வையில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என் மகள் நாற்காலியில் உட்காராமல் சுவரோடு சுவராக நின்றாள். என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தாய்மாமனும் இரண்டு பேரும் என் பின்னாலேயே நுழைந்துவிட்டார்கள். அவர் சடை வெட்டுப்பட்ட அந்தப் பெண்ணையும் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்.

"அண்ணே, அது பாடத்துல வர்ற ராஜா கதைங்க. பிரான்ஸு பக்கம்..." என்று தொடங்கினாள் என் மகள்.

"எந்த ஊரு ராஜாவோ. அவன் முடிய வெட்டினப்ப அவன் சனம் இன்னா பண்ணுச்சு?"

என் மகள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லிடுடி என்று எனக்குள் கத்தினேன். அவள் வாத்தியார் பிள்ளை மாதிரி உண்மையையே சொன்னாள். "ஒண்ணும் பண்ணலீங்க."

"அப்ப அவனுங்க கையாலாவாதவனுங்க. நாங்க அப்படி இல்ல."

அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "வெட்டும்போது நீ இன்னாடி பண்ணிக்கினு இருந்த? கத்த வேண்டியதுதான?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அந்த ராஜாவுக்கு வாயே கெடையாது, இன்னா நடந்தாலும் பேசக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க மாமா."

என் மகள் அப்போதுதான் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தாய்மாமன் கேட்டது ஒன்றுதான். மேசையில் கிடந்த அதே கத்தரிக்கோலைக் காட்டினார். "உம் பொண்ணு சடைய அடியோட அறுத்துக் குடு. சாமிகிட்ட வெச்சி கொறைய சொல்லிக்கிறோம். இல்ல, இவ இந்த வாசல தாண்ட மாட்டா."

"நானே அறுத்துக்கறேங்க" என்றாள் என் மகள்.

நான் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். முடிதானே, கொடுத்துத் தொலைத்தால் வீடு போய்ச் சேரலாம் என்று ஒரு மனம் சொன்னது. இத்தனை பேர் பார்க்க அவள் சடையை அறுக்கவிட்டால் அவள் வாழ்நாளில் எந்த வகுப்பறைக்குள்ளும் நுழைய மாட்டாள் என்று இன்னொரு மனம் சொன்னது. "என் முடிய எடுத்துக்குங்க" என்றேன். பாதி நரைத்த, கொத்தமல்லிக் கட்டு மாதிரியான என் முடியைப் பார்த்து ஒருவன் சிரித்துவிட்டான். "இத வெச்சா சாமி நம்மளயே வெரட்டும்." தாய்மாமன் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் யாருக்கோ போன் போட்டபடியே இருந்தார், யாரும் எடுக்கவில்லை. நான் நகரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஐந்து மணி இருக்கும். வெளியே கூட்டம் பிரிந்து வழி விட்டது. அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். சாமை அறுப்புக்கு இரண்டு மலை தாண்டிப் போயிருந்தவளை ஆள் அனுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். சேலையெல்லாம் சாமைத் தூசி. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். யாரோடும் பேசாமல் மகளின் சடையைத் தூக்கி நுனியைப் பார்த்தாள். வெட்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். தம்பி கையிலிருந்த துணி முடிச்சை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அக்கா, நீ சும்மா இரு. இவ சடைய வாங்காம..."

"வேண்டிக்கினது நானு. கொறைய நான்தான் சாமிகிட்ட சொல்லணும். நீ வெளிய போ."

அவர் அசையவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் போனார்.

நான் கை கூப்பினேன். "நாளைக்கே இவள கீழ கூட்டிக்கினு போயிடறேம்மா. இனிமே இந்தப் பக்கமே வர மாட்டா."

அவள் என்னைப் பொருட்படுத்தாமல் என் மகளிடம் சொன்னாள்:

"எங்க போற? போன வருசம் இப்படித்தான் ஒருத்தி பாதில வுட்டுட்டுப் போனா, எம் பொண்ணு பெயிலு. முழுப்பரீட்ச முடியற வரைக்கும் நீ இங்கதான் பாடம் நடத்தணும். அப்பறம் எம் மூஞ்சில முழிக்காத."