காதுவரை வந்த மொழி

ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் ஒரு பெரியவரை இடப்பக்கம் புரட்டிப் பிடித்துக்கொண்டே அடியிலிருந்த விரிப்பை உருவினாள். வாய் தன்பாட்டுக்கு ஜப்பானிய மொழியில் கேட்டுக்கொண்டிருந்தது: வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா. "வேணாம்" என்றார் பெரியவர். மாதக்கணக்கில் கேட்டு அவருக்கும் பழகிவிட்டது.

முதியோரைப் பார்த்துக்கொள்ள ஜப்பானில் இங்கிருந்து நர்சுகளை எடுத்தார்கள். மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். ஏற்கெனவே எழுதிய இரண்டு தடவையும் வாசிப்பில் கோட்டை விட்டாள். ஆளனுப்பும் ஏஜென்சியின் வயது வரம்பை அடுத்த ஆண்டு தாண்டிவிடுவாள். மூன்றாவதுதான் கடைசி.

பேச்சு அவளுக்குச் சுலபமாக வந்தது. தமிழில் நினைத்ததை அதே வரிசையில் சொல்லிக்கொண்டு போனால் வாக்கியம் தானாக முடிந்துவிடும். பாதி மொழியை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள் என்று சாயங்கால ஜப்பானிய வகுப்பின் டீச்சர் மற்றவர்களிடம் சொன்னார். மீதிப் பாதிக்கு அவள் மெனக்கெடவில்லை. காதில் விழுந்ததையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். டூட்டி முடிந்து வந்து உட்கார்ந்தால் கண் சொருகும். ஜப்பானிய எழுத்தின் கோடுகளையும் கொக்கிகளையும் பார்க்கத் தெம்பிருக்காது. வீட்டில் கதவிலும் பிளாஸ்க்கிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருந்த சீட்டுகளில் ஜப்பானியச் சொல், தமிழ் எழுத்து. பார்த்துப் பார்த்து, கூட இருந்த அக்காவே படித்துவிட்டாள். "முட்டி மட்டும் ஒத்துழைச்சா உனக்குப் பதிலா நானே போயிடுவேன்டி" என்பாள்.

வகுப்பில் பக்கத்து இருக்கை ஒரு குடோன் கணக்கருடையது. பொம்மை இறக்குமதி செய்யும் கம்பெனியில் இருந்தபோது சீனம் கற்றவர், இப்போது ஜப்பானில் வேலைக்குப் போகப் படிப்பவர். எல்லோருக்கும் அவர் சீனாக்காரர். ஜப்பானியத்தில் பாதி சீன எழுத்துகள்தான் என்பதால் பக்கத்தைப் பார்த்ததும் பொருள் சொல்லிவிடுவார், உச்சரிப்பு தெரியாமலே. பேச வாயெடுத்தால் தமிழ் உதவிக்கு வருவதற்குள் சீனம் முந்திக்கொள்ளும். டீச்சர் ஒலிப்பதிவைப் போட்டால் முகம் வெளிறும். வகுப்பு முடிந்ததும் இவள் அவருக்குப் பேசிக் காட்டுவாள், அவர் இவளுக்கு எழுத்து காட்டுவார். இவள் சீக்கிரமே கொட்டாவி விடுவாள்.

"சிஸ்டர், அந்தச் சீட்டையெல்லாம் கிழிச்சுப் போடுங்க," என்றார் ஒருநாள். "தமிழ் எழுத்து பக்கத்துல இருக்கிறவரைக்கும் உங்க கண்ணு வேற எதுமேலயும் நிக்காது."

சரி என்றாள். வீட்டுக்குப் போய்ச் சீட்டுகளைப் பார்த்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டாள். பரீட்சை வரைக்கும் அந்த நாளை வரவில்லை.

பரீட்சையில், கேட்டு எழுதும் பகுதியை எல்லோருக்கும் முன்னால் முடித்தாள். பிறகு வாசிப்புத் தாள் வந்தது. யாராவது ஒரு தடவை உரக்கப் படித்தால் போதும், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவாள். தெரிந்த எழுத்துகளைக் கூட்டிக்கூட்டி உதட்டை அசைத்தாள். கண்காணிப்பாளர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். மீதியைக் குத்துமதிப்பாக எழுதினாள்.

முடிவு வந்தபோது இருவரும் வகுப்புக்கு எதிரே டீக்கடையில் இருந்தார்கள். சீனாக்காரர் மயிரிழையில் தேறியிருந்தார். அவள் வாசிப்பில் மறுபடியும் போயிருந்தாள். அவர் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே ஆளா அனுப்பச் சொல்லிக் கேப்போமா?"

"பாதிச் சம்பளத்துக்கு அவ்வளவு தூரம் யாரு சார் போறது," என்றாள்.

வீட்டில் சொன்னதும் அக்கா தட்டை எடுத்து வைத்தாள்.

மறுநாள் அவளுக்குக் காலை டூட்டி. பெரியவரைப் புரட்டி விரிப்பு மாற்றினாள். தண்ணீர் வேண்டுமா என்று தமிழில் கேட்டாள். வேண்டும் என்றார், கொடுத்தாள். மதியம் வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் சீட்டுகளைத் துடைத்து எடுத்தாள். பிளாஸ்க்கில் இருந்தது சுலபமாக வந்தது. கதவில் பசை நின்றுவிட்டது. சாயங்காலம் வகுப்பு இருந்தது. போகவில்லை, தூங்கினாள்.