மீசை வைத்த அம்மா

பொதுமுடக்கக் காலத்தில் நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தபடியே சென்னை அலுவலகத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பாவுக்கு மைன்ஸில் ஷிப்ட் நிற்கவில்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார். முன்னறையில் நான் மீட்டிங்கில் இருப்பேன். சத்தம் வராத வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு அம்மா சமையலறையில் சும்மா உட்கார்ந்திருப்பாள். அவளுக்காகத்தான் போனில் அந்த விளையாட்டைப் போட்டுக்கொடுத்தேன். அதில் ஓர் ஊர் உண்டு. நமக்கென்று ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு நிலம் பிடித்துப் பயிர் வைக்கலாம், சந்தையில் நின்று மற்றவர்களோடு பேசலாம். அந்த மற்றவர்கள் எங்கெங்கோ இருக்கும் நிஜ மனிதர்கள்.

உருவம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அம்மா பெரிய மீசை வைத்த ஆளைத் தொட்டாள்.

“பொம்பளைன்னு தெரிஞ்சா கண்டவனும் வந்து நிப்பான். இவன் இருக்கட்டும்.”

எங்கள் டவுன்ஷிப்பில் இரண்டு பெண்கள் புதிதாகச் சந்தித்தால் “எந்த ப்ளாக்?”, “சார் என்னவா இருக்கார்?” என்றுதான் பேச்சு தொடங்கும். குவார்ட்டர்ஸ் எந்த வகை என்று சொன்னாலே அப்பாவின் பதவி தெரிந்துவிடும். திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் அம்மாவை எல்லோரும் அப்படித்தான் அறிந்திருந்தார்கள். மீசைக்காரரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. கத்தரி மட்டும் எப்படி உங்களுக்கு இப்படிக் காய்க்கிறது என்று கேட்டார்கள்.

அதிகம் கேட்டது பக்கத்து நிலத்துக்காரர், போலீஸ் தொப்பி போட்ட ஒரு தடியர். இருவரும் எழுத்திலேயே பேசிக்கொண்டார்கள். ஒருமுறை அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். எழுந்து வந்து பார்த்தால் பயிர் வாடவில்லை. தொப்பிக்காரர் தினமும் தண்ணீர் விட்டிருந்தார். நன்றியைத் தட்டி முடிக்கப் பொறுமையில்லாமல் அம்மா மைக்கை அமுக்கிவிட்டாள்.

“ரொம்ப நன்றிங்க. நீங்க இல்லன்னா எல்லாம் கருகியிருக்கும்.”

பதிலுக்குத் தொண்டை கட்டியது போன்ற ஒரு பெண்குரல் வந்தது.

“ஐய, நீங்களும் பொம்பளதானா? நான் இத்தினி நாளா சார் சார்னு மரியாத குடுத்துகினு இருந்தேன்.”

அப்பா எழுந்துவிடக் கூடாதென்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அந்தக் குரல் அவளை அக்கா என்றது. பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “மூஞ்சி தெரியாத ஆளுகிட்ட என்ன பேச்சு? நாளைக்கு ஓடிபி கேப்பா.”

“இத்தன மாசமா பேசுதேன். கத்தரிக்காயத் தவிர ஒண்ணும் கேக்கல” என்றாள் அம்மா.

அடுத்த பலாப்பழ சீசனில் நானும் அம்மாவும் பண்ருட்டிக்குப் போனோம். மண்டியில் பழங்களைக் குவித்துவிட்டு ஒரு பெண் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். “தோ, லோடு ஏத்திகினுதான் இருக்காங்க, வந்துடும்.” அம்மா என் கையை இறுகப் பிடித்தாள். எனக்கும் அந்தக் குரல் தெரிந்தது. பேசச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். விலையெல்லாம் நான்தான் பேசினேன். அம்மா கைகாட்டிய பழத்தை அந்தப் பெண் எடுத்துத் தட்டிப் பார்த்தாள். “இது வேணாம்மா, இத எடுத்துக்கங்க” என்று வேறொன்றைக் கொடுத்தாள்.

“ஏம்மா பேசல?” என்று பஸ்ஸில் கேட்டேன்.

“அங்க அவ போலீசு, நான் மீசக்காரன். இங்க அவ விக்கிறவ, நான் வாங்குறவ. பேசிட்டா அப்புறம் அந்த நெனப்பு போவாது.”

சாயங்காலம் விளையாட்டில் அந்தக் குரல் சொன்னது: “இன்னிக்கி ஒரு அம்மா வந்துச்சிக்கா. பாவம், பேச்சு வராது போலருக்கு. நல்ல பழமாப் பாத்துக் குடுத்தேன்.”

அம்மா என்னைப் பார்த்தாள். “இனிச்சிருக்கும்” என்றாள்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருநெல்வேலிக்குப் போனோம். அங்கிருந்தும் அம்மாவும் அந்தக் குரலும் விளையாட்டில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருநாள் விளையாட்டையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. கடைசி நாளில் அம்மா தன் நம்பரைத் தர முன்வந்தாள்.

“வேணாங்க்கா” என்றாள் அவள். “நம்பர் குடுத்தா அப்புறம் உங்க வூட்டுக்காரரு என்னா வேல, எங்க வூட்டுக்காரரு என்னா வேலன்னு பேச்சு வந்துகினே இருக்கும். இப்பிடியே இருக்கட்டும்.”

அம்மா வற்புறுத்தவில்லை. பண்ருட்டிக்குக் கூட்டிப்போகிறேன் என்று நான் சொன்னபோதும் வரவில்லை. “கடை தெரியும். அவ என்னக் கூப்பிடலையே” என்றாள்.

நான் சென்னை அலுவலகத்துக்கே திரும்பிவிட்டேன். போன சீசனில் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன் மண்டியில் இறங்கினேன். அதே பெண்தான். பழத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே, “எந்த ஊருங்க?” என்று கேட்டாள்.

“நெய்வேலி” என்றேன். எங்களுக்கென்று அங்கே இப்போது எதுவுமில்லை.

“குவார்ட்டர்ஸா?”

“ஆமாங்க.”

எந்த ப்ளாக், அப்பா என்ன வேலை என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. பழத்தோடு சென்னை பஸ் ஏறினேன். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.