குலுக்கலில் விழாத ரென்ஸ்கா

லேவார்டன் ஊர் மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் ரென்ஸ்காவும் நானும் வெகுகாலமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம். நோயாளிகளிடம் அவள் அதிகம் பேச மாட்டாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க. ம், விடுங்க." அவ்வளவுதான்.

அவள் டாக்டராக ஆசைப்பட்டவள். அவள் பள்ளி முடித்த காலத்தில் மருத்துவப் படிப்புக்கு எங்கள் நாட்டில் குலுக்கல்தான். தேறியவர்களுடைய பெயரெல்லாம் அதில் போகும். மதிப்பெண் கூடினால் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். நன்றாகப் படித்த ரென்ஸ்காவுக்கு விழவில்லை. அதே வகுப்பில் தட்டுத்தடுமாறித் தேறிய யோரிட்டுக்கு விழுந்தது.

முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலையைச் செய்துகொண்டே அவள் மறு வருடத்துக்குக் காத்திருந்தாள். விழவில்லை. அதற்கடுத்த வருடமும் அப்படியே. "இன்னொரு தடவை போட்டுப் பாரேன்" என்று அவள் அம்மா சொன்னபோது, "முடியலம்மா. காத்திருந்தே ஓய்ஞ்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரே பயிற்சியில் சேர்ந்துவிட்டாள்.

யோரிட் பிற்பாடு எங்கள் மருத்துவமனைக்கே எலும்பு டாக்டராக வந்து சேர்ந்தான். மதியம் ரொட்டியும் சீஸும் மோருமாக உட்காரும்போது, "என் சீட்டுலதான் உக்காந்திருக்க, ஞாபகம் இருக்கட்டும்" என்பாள் ரென்ஸ்கா அவனிடம்.

"எடுத்துக்கோ தாயே. இந்த வார ராத்திரி டியூட்டியையும் சேர்த்து எடுத்துக்கோ."

எல்லாரும் சிரிப்போம். கசப்பு இல்லாமல் இல்லை, பழகிப்போன கசப்பு.

அவள் மகள் மின்காவும் டாக்டராக வேண்டும் என்றாள். அதற்குள் குலுக்கலை எடுத்துவிட்டு, சோதனை, கட்டுரை, நேர்காணல் என்று ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை வந்திருந்தது. ரென்ஸ்காவுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே கண்ணைக் கட்டிக்கிட்டு எடுக்க மாட்டாங்க. என் பொண்ணைப் பார்ப்பாங்க."

பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் தன்மை போதாது என்று காரணமும் சொன்னார்கள். மறு வருடம் வேறு ஊரில் முயன்றாள். அங்கேயும் கிட்டத்தட்ட அதே காரணம். அதன்பிறகு அந்தப் பெண், காத்திருந்த நாட்களில் பார்த்துவந்த பேக்கரி வேலையையும் விட்டாள். காசு வாங்கும்போது மனிதர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறதென்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ரென்ஸ்கா பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டே, "அந்த அரை மணி நேர நேர்காணல்ல உன்னைப் பத்தி என்னத்தத் தெரிஞ்சுக்கிட்டாங்க அவங்க?" என்றாள்.

"உனக்கென்னம்மா" என்றாள் மின்கா. "உன்னை யாருன்னே தெரியாமத் தள்ளினாங்க. என்னைப் பார்த்துட்டுல்ல தள்ளினாங்க."

ரென்ஸ்கா கரண்டியைக் கீழே வைத்தாள். சூப் ஆறிப்போனது.

சில வருடம் கழித்துச் சட்டம் மறுபடி மாறியது. விரும்பிய பல்கலைக்கழகங்கள் குலுக்கலே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மின்கா அப்போது ஒரு பரிசோதனைக்கூடத்தில் இரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"போட்டுப் பார்க்கிறியா?" என்று ரென்ஸ்கா போனில் கேட்டது என் காதிலும் விழுந்தது. "விழலைன்னா விழல. அதுல உன்னைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது."

மின்கா போட்டாள். விழவில்லை.

அன்று சாயங்காலம் நேராக எங்கள் அறைக்கே வந்துவிட்டாள். ரென்ஸ்கா அவள் முகத்தையே பார்த்தாள். "அழுதியா?"

"கொஞ்ச நேரம். அப்புறம் பசிச்சுது. வறுத்த மீன் வாங்கிட்டு வந்திருக்கேன், ஆறிடும், சாப்பிடுங்க" என்று பொட்டலத்தைப் பிரித்து என் பக்கமும் தள்ளினாள். அந்தப் பெண் என் கண்ணைப் பார்த்துப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

இப்போது அவள் பிசியோதெரபி படிக்கிறாள். யோரிட் போன வருடம் களைப்பென்று விடுப்பில் போனவன் வேலைக்குத் திரும்பவில்லை. ரென்ஸ்காவுக்கு முழங்கால் வலி. பணி ஓய்வுக்கு இன்னும் காலம் கிடக்கிறது. மின்கா மறுபடியும் குலுக்கலில் பெயர் கொடுப்பாளா என்று நேற்று ரென்ஸ்காவிடம் கேட்டேன்.

"நான் அவகிட்ட கேக்கல. கேக்கறதுக்கும் தெம்பில்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டாள்.