மூன்று மில்லி போதும் என்றவர்

அந்த டைவிங் கடையில் அவரை எல்லோரும் மில்லி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. கடலுக்கு அடியில் போகிறவர்கள் உடம்போடு ஒட்டப் போட்டுக்கொள்ளும் ரப்பர் உடுப்பு இருக்கிறதே, வெட்சூட், அதில் யாருக்கு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. மூன்று, ஐந்து, ஏழு. இந்த மூன்றே எண்களை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருடம் ராஜாவாக இருந்தார்.

ஆள் படியேறுகிற விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒருநாள் திரும்பிக்கூடப் பார்க்காமல், கதவு திறந்த சத்தத்தை வைத்தே, ஏழு மில்லி, தலைக்கும் ஒரு குல்லாய் என்று தீர்ப்புச் சொன்னாராம். வந்தவர் தபால்காரர். கையெழுத்து வாங்க வந்த மனிதர் பேச்சில் மயங்கி உடுப்பை மாட்டியும் பார்த்தார். கழற்றுவதற்கு இரண்டு பேர் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தது வரைக்கும் உண்மை. இழுத்த வேகத்தில் தபால்காரர் ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டார் என்பது பிறகு சேர்ந்தது.

வேலை ஒன்றும் லேசானது அல்ல. அந்த உடுப்பு தண்ணீரைத் தடுக்காது. உள்ளே கசிய விட்டு, கசிந்ததை உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளும். மெலிந்தவருக்குச் சீக்கிரம் குளிரும். சதைப்பிடிப்பானவர் கொஞ்சம் தாங்குவார். ஆழம் போகப் போக, தண்ணீர் அழுத்தி ரப்பரே மெலிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, கீழே தண்ணீர் எவ்வளவு குளிர் என்று தெரிய வேண்டும். மேலே கை விட்டால் குளிக்க வைத்த வெந்நீர் போல இருக்கும்; பதினைந்து மீட்டருக்குக் கீழே ஒரு குளிர்ப் படலம் சத்தமில்லாமல் வந்து படுத்திருக்கும். வெயில் கொளுத்துகிற நாளில்கூட.

அந்தக் கீழ்த் தண்ணீரின் சேதி அவருக்கு மைத்துனன் வழியாக வரும். மனைவியின் தம்பி, கடையின் பெரிய படகை ஓட்டுகிறவன். முந்தைய நாள் கடைசியாக மூழ்கி வந்தவரின் மணிக்கட்டுக் கருவியில் இருக்கும் வெப்பநிலை எண்ணைப் பார்த்து வந்து காலையில் சொல்வான். மில்லி அண்ணன் அதைப் பலகையில் எழுதுவார். ஊருக்குத் தெரிந்த கதையில் மைத்துனனுக்கு இடமில்லை. அண்ணன் பலகை முன்னால் நின்று கண்ணை மூடுவார், காற்றை முகர்வார், பிறகு எழுதுவார். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மைத்துனன் அந்தப் பிம்பத்தில் ஓர் ஓட்டை போட்டான்.

"அத்தானும் பதினெட்டு ஆழம் போனவர்தான். மீட்டர் இல்ல, அங்குலம். குளியலறை வாளியில."

எல்லோரும் சிரித்தார்கள். மனைவி சிரித்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். மகளும் சிரித்தாள். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம், கழுத்துக்கு மேல் ஏறினால் மூச்சு நின்றுவிடும் என்பது வீட்டுக்குள் தெரிந்த சங்கதிதான். ஆனால் அவள் இப்போது டைவிங் பயிற்சியாளர். அந்த வாரம்தான் முதல்முறையாகத் தனியே ஒரு குழுவைக் கீழே கூட்டிக்கொண்டு போகப்போகிறாள். அவள் சிரித்தது அவர் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது.

மறுநாளிலிருந்து மைத்துனனோடு பேச்சு இல்லை. கீழ்த் தண்ணீரின் எண்ணையும் கேட்கவில்லை. படகுத்துறையின் ஓரத்தில் குந்தி, முழங்கை வரை கையை விட்டுப் பார்த்து, இருபத்தேழு டிகிரி என்று எழுதினார். இரண்டு நாள் பிழைப்பு ஓடியது. அந்த இரண்டு நாளும் போனவர்கள் ஆறு மீட்டர் ஆழத்தில் மீன் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

மூன்றாம் நாள் மகளின் நாள். பதினெட்டு மீட்டர்.

காலையில் மைத்துனன் கவுண்டர் முன்னால் வந்து நின்றான். கேட்டால் சொல்லலாம் என்று நின்றான். மில்லி அண்ணன் ஒரு ஜிப்புக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஜிப்புக்கு அன்று கிடைத்த கவனிப்பு கைக்குழந்தைக்குக் கிடைத்திருக்காது. கடைசியில் மைத்துனன் ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ எழுதி வைத்துவிட்டு, தன் படகு கிளம்பும் நேரமாயிற்று என்று போய்விட்டான். அவன் முதுகு மறையட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தார். மறைந்த பிறகும் பார்க்கவில்லை. நூல் துணுக்குகளோடு சேர்த்துக் குப்பைக் கூடைக்குள் தள்ளினார்.

மகள் நான்கு பேரோடு வந்தாள். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, ஒரு பல் மருத்துவர், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். ஆசிரியைக்கு அறுபது வயதிருக்கும். கொடியில் காயப்போட்ட துணி மாதிரி மெலிந்த உடம்பு. வேறு எந்த நாளாக இருந்தாலும் அண்ணனின் கை தானாக ஐந்து மில்லிப் பக்கம் போயிருக்கும்.

"அப்பா, இன்னிக்குக் கீழ எவ்ளோ?"

"இருபத்தேழு."

"பதினெட்டு மீட்டர்லயுமா?"

"பத்தொன்பது வருஷமா பாக்குறேன். மூணு மில்லி போதும், போ."

அவள் தன் எழுதுபலகையில் இருபத்தேழு என்று குறித்துக்கொண்டாள். தனக்கும் மூன்று மில்லியே எடுத்துக்கொண்டாள்.

ஐம்பது நிமிடத்தில் முடிய வேண்டிய முழுக்கு பன்னிரண்டாவது நிமிடத்தில் முடிந்தது. ஆசிரியையின் விரல்கள் விறைத்து, மிதக்க வைக்கும் காற்றுப் பையின் பொத்தானை அழுத்த வரவில்லை. மகள் அவர் கையைப் பிடித்து, அவசரப்படாமல், அழுத்தம் தணிய நிற்க வேண்டிய ஆழத்தில் நின்று மேலே கொண்டுவந்தாள். கடைக்குக் கூட்டிவந்தபோது ஆசிரியை மூன்று துவாலைகளுக்குள் இருந்தார். கையில் கொடுத்த தேநீர்க் கோப்பை தட்டில் மோதி டக டக என்றது. பல் மருத்துவருக்குப் பற்கள் அடித்துக்கொண்டதில் நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தது.

மில்லி அண்ணன் உடுப்புகளை வாங்கிக்கொண்டு பின்கட்டில் அவற்றை அலசும் தொட்டிக்குப் போனார். அந்தத் தொட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. குளிரில் நடுங்கினவர் எவ்வளவு கண்ணியமானவராக இருந்தாலும் உடுப்புக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விடுவார். ஓரளவு நடுங்கினால் ஓரளவு. அன்று தொட்டியில் எழுந்த வாடைக்குப் பக்கத்துத் தென்னை மரமே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான்கு உடுப்பும் ஒரே சாட்சி சொல்லின. ஐந்தாவது மகளுடையது. அதை மட்டும் அவரால் முகர முடியவில்லை. அப்படியே தண்ணீருக்குள் அமுக்கினார்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். நூலுக்கும் மெழுகுக்கும் நடுவே காகிதம் இருந்தது. பதினேழு.

கடையின் முதலாளியம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தது அப்போதுதான். குரலை உயர்த்தாத பெண்மணி. அதனாலேயே எல்லோருக்கும் பயம். யார் மூன்று மில்லி கொடுத்தது என்று கேட்டார். மில்லி அண்ணன் நான்கடி தள்ளி நின்றிருந்தார். வாயைத் திறந்தார். இருமல் வந்தது.

மகள் அவரை ஒரு தடவை பார்த்தாள். அவர் இருமி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மேடம் கூட்டிட்டுப் போனது. கீழ எவ்ளோன்னு நான் சரியா விசாரிச்சிருக்கணும்."

அந்தப் பருவம் முடியும் வரை அவள் கடலில் குழுவை நடத்த வேண்டாம், நீச்சல் குளத்தில் புதியவர்களுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று முடிவானது. அவள் தலையாட்டினாள். மில்லி அண்ணன் தொங்கிய உடுப்புகளை வரிசையாக நேர்ப்படுத்தினார். நேராக இருந்ததைக் கோணலாக்கி, மறுபடி நேர்ப்படுத்தினார்.

மாலையில் வீட்டில் மனைவி, என்னடி முகம் இப்படி இருக்கு என்று மகளைக் கேட்டாள். தண்ணீர் கொஞ்சம் ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான் என்றாள் மகள். அப்பாவின் தட்டைப் பார்த்து, அவர் எடுக்க மறந்த குழம்பை அவளே எடுத்துப் போட்டாள். அவருக்கு உப்புத் தெரியவில்லை, காரம் தெரியவில்லை. சொல்லிவிடலாம் என்று மூன்று முறை நாக்கு எழுந்தது. மூன்று முறையும் சோற்றை வாயில் போட்டு அதை உட்கார வைத்தார். மகள் முன்னால் வாளிக்காரனாக இருப்பதைவிடப் பொய்யனாக இருப்பது பெரிய கேவலம் என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் கை கழுவ எழுந்துவிட்டார்.

காலையில் பலகையில் எதையும் எழுதாமல் நேரே மாடிக்குப் போனார். அவருடைய ராசி, முதலாளியம்மாவின் அறையில் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் என் கையை விடவே இல்லை, அவளை ஏன் குளத்தில் போட்டீர்கள் என்று கேட்பதற்காக வந்தவர். பிறகு வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிட மில்லி அண்ணனுக்கு நல்ல சாக்கு. ஒரு காலைத் திருப்பியும்விட்டார். அடுத்த கால் வரவில்லை.

"தப்பு என்னோடது மேடம். கீழ எவ்ளோன்னு நான் கேக்கவே இல்ல. மைத்துனனோட பேச்சு இல்ல. எழுதி வெச்சுட்டுப் போனான், அதையும் குப்பையில போட்டேன். துறையில கைய விட்டுப் பாத்துதான் இருபத்தேழுன்னேன்."

"எந்தக் கைய?" என்றார் ஆசிரியை.

நாற்பது வருடம் வகுப்பெடுத்த குரல். மில்லி அண்ணன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். ஆசிரியை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தக் கையைப் பார்த்தார். காட்டிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அவர் அப்படியே நின்றார்.

"நேத்து நீங்க அங்கதான நின்னுட்டு இருந்தீங்க?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"நின்னேன்."

"அப்புறம்?"

தூக்கிய கையை அவர் அப்போதுதான் இறக்கினார். முதலாளியம்மா மகளை வரச் சொன்னார். அவள் குளத்திலிருந்து ஈரத் தலையோடு வந்தாள். உங்க அப்பா சொன்னதை வைத்துத்தான் கூட்டிப் போனாய் என்பது உனக்குத் தெரியும், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று அவளையும் விடாமல் கேட்டார்.

மகள் தரையைப் பார்த்தாள். தரையில் அவள் தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது.

"அப்பா சொல்லுவாருன்னு நெனச்சேன் மேடம்."

அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஒரு சங்கதியைச் சொல்கிற குரல். ஊரே சேர்ந்து வாளிக் கதையைச் சொல்லிச் சிரித்திருந்தாலும் மில்லி அண்ணனுக்கு அந்த அளவு சூடு பட்டிருக்காது.

திங்கட்கிழமை முதல் அவள் மறுபடி கடலுக்குப் போகலாம் என்றாயிற்று. கீழ்த் தண்ணீரின் எண்ணை இனிமேல் குழுவை நடத்துகிறவர்களே படகுக்காரரிடம் நேரில் கேட்டு எழுத வேண்டும், கவுண்டரில் இருப்பவர் எடுத்துக்கொடுத்தால் போதும் என்றும் ஆயிற்று. மில்லி அண்ணன் சரி என்றார். ஆசிரியை தன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிறபோது, எனக்கு எத்தனை மில்லி எடுத்திருக்கணும் என்று கேட்டார். ஏழு என்றார் அவர், வாய்க்குள்ளேயே. சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் ஆசிரியை. சத்தமாகச் சொன்னார்.

படியிறங்கும்போது மகள் இரண்டு படி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவர் கூப்பிடவில்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது? கடைசிப் படியில் அவளே நின்றாள். அந்த மூன்று மில்லி உடுப்புகள் தொட்டியிலேயே கிடக்கின்றன, நாற்றம் தாங்கவில்லை, அலசிவிடுங்கள் அப்பா என்று சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் போனாள்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். முந்தின நாள் அமுக்கி வைத்ததில் மகளுடையது அடியில் கிடந்தது. முதலில் அதை எடுத்தார்.