புருஷன் வந்தால்தான் மா

போன வெள்ளிக்கிழமை, இலங்கை மலையகத்தில், பண்டாரவளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே கிளாக்கர் என் பள்ளித் தோழர். அரிசிக் காம்பராவில், அதாவது தோட்டத்து ரேஷன் அறையில், கோதுமை மா கொடுக்கிற நாள். இந்தப் பஞ்சத்தில் அதை விட்டால் லயத்து வீடுகளில் அடுப்பெரிய வேறு வழி ஏது?

வரிசை முழுக்க ஆண்கள். நடுவில் ஒரே ஒரு பெண் — மாரியாயி.

"புருஷன் எங்க?" என்றார் தோழர்.

"பதுளை ஆஸ்பத்திரியிலங்க. கால் முறிஞ்சு கெடக்காரு."

"வந்தப்புறம் வாங்கிக்கட்டும்."

"அதுவரைக்கும் புள்ளைங்க என்னத்தத் திங்கும்?"

தோழர் என் பக்கம் திரும்பினார். "பொம்பளை கையில கொடுக்கப் புரொவிஷன் இல்லையப்பா."

புரொவிஷன்! பண்டாரவளைக் கடைப் பலகைகளில் அதற்கு அரிசி, பருப்பு, கருவாடு என்று பொருள். கந்தோர் என்கிற ஆபீஸில், விதியில் இடம் உண்டா இல்லையா என்பது. என் அகராதியைப் புரட்டினால், லத்தீன் மூலத்தில் 'முன்கூட்டிப் பார்த்தல்' என்கிறது. ஒரு ஆண் காலை முறித்துக்கொள்ளக்கூடும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை!

கொழுந்து பறிப்பது அவள். சம்பளமும் மாவும் மட்டும் அவன் கையில்... தோட்டத்து வழக்கம் அது.

மாரியாயி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ உக்காந்தா மா நடந்து வருமா?"

"வராதுங்க. அதான் நான் நடந்து வந்திருக்கேன்."

தோழர் முகம் சிவந்தது. "அடுத்த ஆள்!" என்று கத்தினார்.

அடுத்த ஆள் செல்லையா. பையை நீட்டவில்லை.

"அந்தப் புள்ளைக்கு மொதல்ல போடுங்கய்யா."

"உனக்கு மா வேணாமா?"

"வேணுங்க. ஆனா இவ வெறுங்கையோட போனான்னு தெரிஞ்சா, எங்க வீட்டுக்காரி அடுப்பு மூட்ட மாட்டா. மாவ நான் பச்சையாவா திங்கிறது?"

வரிசையில் ஒரே சிரிப்பு. ஆனால் ஒருவரும் முன்னால் நகரவில்லை. பசித்தவர்கள் மாவுக்கு முன்னால் நகராமல் நிற்பது லேசான காரியமா?

தோழர் என்னைப் பார்த்தார். நானும் உதவவில்லை — வேண்டுமென்றேதான். கடைசியில் தராசைத் தன் பக்கம் இழுத்தார்.

மா நிறுத்தாயிற்று. "அடுத்த தடவை ஒழுங்கா அவரை அனுப்பு, சரியா?"

மாரியாயி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"அவரு கால் சரியானாலும், இனிமே நான்தாங்க வருவேன்."



வருவாள். எனக்குச் சந்தேகமே இல்லை.