அப்பாவுக்காக நகர்த்திய காய்கள்

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் உஷாராணிக்கு, கட்டம் போட்ட பலகையில் காய் வெட்டும் டாம் ஆட்டத்தை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்பா சின்னையாவும் தம்பி யுகேந்திரனும் பாட்டில் மூடிகளைக் காய்களாக வைத்து ஆடும்போது தேநீர் கொண்டுவந்து வைப்பவள் அவள். நின்று பார்த்ததில் கொஞ்சம் பிடிபட்டது, அவ்வளவுதான்.

தம்பி ராணுவத்தில் கோப்ரல். ஐ.நா. அமைதிப்படையோடு லெபனானுக்குப் போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. முகாமில் ஒரு பலகையில் கட்டம் போட்டுக்கொண்டான். காயை நகர்த்திப் படம் எடுத்து அனுப்புவான். கிள்ளான் வீட்டில் அப்பா தம் பலகையிலும் அதே காயை நகர்த்தி, யோசித்து, பதிலுக்குப் படம் அனுப்புவார். லோரி ஓட்டி ஓய்ந்த மனிதருக்கு அதுதான் பொழுதுபோக்கு. மகன் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

"பட்டாளத்துக்குப் போயும் உனக்குப் புத்தி வரலியேடா" என்று குரல் பதிவில் சொல்லி அனுப்புவார். அங்கே முகாமே சிரிக்கும்.

ஒரு காலையில் சின்னையா குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது. இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டார் என்றார் டாக்டர்.

"தம்பிக்குச் சொல்லிடுவோம்மா. இந்த மாதிரிக்கெல்லாம் லீவு குடுப்பாங்க" என்றாள் உஷாராணி.

அம்மா வீரம்மா வாய் திறப்பதற்குள் அவள் அண்ணன் ராஜன் மாமா முந்திக்கொண்டார். ஜோசியரைப் பார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். "பையனுக்கு நேரம் சரியில்ல. அமாவாசை தாண்டுற வரைக்கும் கெட்ட சேதி காதுல விழக்கூடாது. விழுந்தா அவன் உயிருக்கே ஆபத்து."

"குண்டு விழுற எடத்துல இருக்கான் மாமா. அதுக்கு உங்க ஜோசியர் என்ன பண்ணுவாரு?"

"பொம்பளப் புள்ள, சும்மா இரு லா!"

அம்மா அழுதாள். "அவனாச்சும் நல்லா இருக்கட்டும்டி." அந்த அழுகைக்குத்தான் உஷாராணி பணிந்தாள். பெற்ற மகனைப் பார்க்க ஒரு தகப்பன் பஞ்சாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதற்கு வெட்கப்பட அங்கே ஒருவரும் இல்லை.

அன்று மாலை தம்பியின் படம் வந்தது. பதில் போகாவிட்டால் சந்தேகப்படுவான். தொண்டை கட்டியிருக்கிறது என்று அப்பாவின் கைப்பேசியில் எழுதிவிட்டு, அவளே ஒரு காயை நகர்த்தினாள். மறுநாளும் நகர்த்தினாள். ஆஸ்பத்திரியில் கதவு திறக்கும்போதெல்லாம் அப்பாவின் கண் அங்கே போகும். யாரைத் தேடுகிறார் என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

ஒருநாள் அவள் படுக்கையருகே இருந்தபோது அப்பாவின் கைப்பேசியில் தம்பியின் குரல் பதிவு வந்தது. "அப்பா! ஜெயிச்சிட்டேன்! கேம்ப்ல எல்லாருக்கும் என் செலவுல டீ. தோத்துட்டேன்னு ஒத்துக்குங்க லா பெரியவரே!" பின்னால் கைதட்டல், மலாயில் யாரோ போடும் கூச்சல்.

அவள் அதை அப்பாவின் காதருகே வைத்தாள். அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அதற்குமேல் அவளால் முடியவில்லை. வெளியே போய், யாரையும் கேட்காமல் தம்பியை அழைத்தாள்.

"நீ ஜெயிச்சது என்னைத்தான்டா. அப்பா ஆஸ்பத்திரில இருக்காரு. உடனே வா."

மேலதிகாரி மறுநாளே அனுப்பிவைத்தார். வழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் அவன் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது சின்னையாவின் மூச்சு நின்றது. அமாவாசை இன்னும் வரவில்லை.

"சொல்லாதன்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன். இவ சொன்னா, மனுஷன் போயிட்டாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார் மாமா. சிலர் தலையாட்டினார்கள்.

யுகேந்திரன் வந்தான். சவப்பெட்டிக்குள் இருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் திட்டுக்குத் தயாராக இருந்தாள்.

"அப்பா கடைசியா நகர்த்துன காய் எது அக்கா?"

அவள் கைப்பேசியில் மேலே மேலே தள்ளித் தேடினாள். அப்பா விழுவதற்கு முன் அனுப்பிய படத்தின் ஓரத்தில், தெரியாமல் பதிந்த அவர் கட்டைவிரல் இருந்தது. யுகேந்திரன் அதைப் பெரிதாக்கினான். பலகை மறைந்து, திரை முழுக்க விரலாகும்வரை பெரிதாக்கினான்.

"தம்பி, குளிச்சிட்டு வா. நல்ல நேரம் முடியப்போவுது" என்றார் மாமா.

யாரும் எழுந்திருக்கவில்லை.