பச்சை நூல் கிடைக்காதவள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘பீப்பீ டீச்சர்’ என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரெக்கார்டர் சொல்லித் தருவது அவள் வேலை. பாட்டைப் பதிவு செய்யும் பெட்டி அல்ல. நேராகப் பிடித்து ஊதுகிற பிளாஸ்டிக் குழல். விரல் துளையை முழுசாக மூடினால் இனிக்கும். இம்மி விலகினாலும் கீச்சென்று காதைக் கிழிக்கும். வகுப்பே சேர்ந்து கிழிக்கும்போது பக்கத்து அறைக் கணக்கு வாத்தியார் சன்னலைப் படாரென்று சாத்துவார்.

பிள்ளைகளுக்குக் குழல் மோகம் இரண்டு வாரம்கூடத் தாங்காது. பிறகு குழல் வாளாகும், முதுகு சொறியும் குச்சியாகும். கெஞ்சியும் கதை சொல்லியும் அவள் ஓய்ந்து போனாள். ஒரு தகப்பனார் நேரிலேயே வந்து, இதை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம், புண்ணியமாகப் போகும் என்று கும்பிட்டார்.

அந்த வருடம்தான் அவளுக்கு நூல் யோசனை வந்தது. அவள் அக்கா வீட்டிலேயே தையல் கடை வைத்திருந்தாள். அங்கிருந்து கலர் கலராக நூல்கண்டு எடுத்து வந்தாள். ஒரு பாட்டைப் பிசகாமல் வாசித்தால் குழலின் வாலில் ஒரு நூல். முதலில் வெள்ளை, அப்புறம் மஞ்சள், நீலம். நான்காவது பச்சை. மந்திரம் போட்டது போல வகுப்பு மாறியது. இடைவேளையிலும் அவள் மேசை முன்னால் வரிசை நின்றது. தலைமையாசிரியர்கூட எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

கடைசி பெஞ்சில் ஒரு சின்ன உருவம். குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், தானாகவே தேடிக் கண்டுபிடித்து வாசித்துவிடுவாள். மூன்று நூலை முதலில் வாங்கியவள் அவள்தான். பச்சைப் பாட்டில் மட்டும் வண்டி நின்றுவிட்டது. அதில்தான் முதல்முறையாகச் சுண்டுவிரலால் கடைசித் துளையை மூட வேண்டும். அங்கே வந்ததும் கீச். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“வீட்ல நல்லாப் பழகிட்டு நாளைக்கு வாம்மா” என்றாள் டீச்சர், அடுத்த குழலைப் பார்த்தபடி.

மறுநாளும் கீச், அதற்கடுத்த நாளும். பிறகு குருவி வரிசைக்கே வரவில்லை. கேட்டால், மறந்துட்டேன் டீச்சர் என்பாள்.

ஒரு சாயங்காலம் அக்கா தைத்துக்கொண்டே கேட்டாள். “உன் பிள்ளைங்களோட அம்மாமாருங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பச்சை நூல் கேட்டு வர்றாங்களே, என்னடி விசேஷம்?”

வாசிக்காமலேயே குழலில் கட்டிக்கொள்ளத்தான் என்று டீச்சருக்குப் புரிந்தது. மறுநாள் எல்லா நூலையும் அவிழ்த்துவிட்டாள். யாரும் அழவில்லை. குழலை எடுக்கவுமில்லை. “இனிமே எதுக்கு டீச்சர் வாசிக்கணும்?” என்று ஒருத்தி கேட்டாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

வருடக் கடைசியில் பிள்ளைகள் அலமாரியில் விட்டுப்போன குழல்களைக் கழுவ உட்கார்ந்தபோது குருவியுடையது கைக்கு வந்தது. அதைப் பிடித்துப் பார்த்தாள். அடித்துண்டிலுள்ள கடைசித் துளை மற்றத் துளைகளுக்கு நேர்கோட்டில் இருந்தது. குட்டைச் சுண்டுவிரல் எப்படி எட்டும்? அந்தத் துண்டு திரும்பும். விரல் பக்கமாக லேசாகத் திருப்பிவிட்டால் போதும். ஒவ்வொரு வருடமும் முதல் வேலையாக அதைத்தான் செய்வாள். நூல் கட்டுகிற அவசரத்தில் இந்த வருடம் விட்டுப்போயிற்று. அத்தனை நாள் அந்தப் பிள்ளை எதிரே நின்று ஊதியும், அவள் ஒரு தடவைகூட அந்தக் கையைப் பார்க்கவில்லை.

திருப்பிவிட்ட குழலோடு அன்றே குருவியின் வீட்டுக்குப் போனாள். அம்மா நாற்காலி போட்டாள். டீச்சர் விரலை வைத்துக் காட்டினாள். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்றாள். குருவி மரியாதையாகக் குழலை வாங்கினாள். வாயில் வைக்கவில்லை.

“எனக்குப் பாட்டு வராது டீச்சர்.”

“வரும்மா. உனக்குத்தான் நல்லா வரும்.”

“பரவால்ல டீச்சர்” என்று அந்தப் பிள்ளை அவளைத் தேற்றியது.

இப்பல்லாம் கணக்குல கெட்டிக்காரி ஆயிட்டா என்றாள் அம்மா, பேச்சை மாற்ற.

மறுபடியும் போய்ப் பார் என்று அக்கா சொன்னதால் இன்னொரு தடவையும் போனாள். குருவி உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மாதான், தூங்குறா என்று சங்கடத்தோடு சொன்னாள். உள்ளே பென்சில் உருளும் சத்தம் கேட்டது.

நான்காம் வகுப்புக்குப் போன பிறகும் வராந்தாவில் எதிர்ப்பட்டால் குருவி நின்று வணக்கம் சொல்லுவாள். டீச்சரும் சொல்லுவாள். அதற்கு மேல் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.